பதிப்பை உயர்த்தியதும் பொதியை நீக்கச் சொல்கிறது: என்ன செய்வது?

கேள்வி: ஆர்.பி.எம். என்ற மென்பொருள் பொதி முறையை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறிய லினக்ஸ் வழங்கலில் லிப்சால்வ் பொதியின் பராமரிப்பை அண்மையில் ஏற்றேன். எந்தப் பொதிக்கு எது தேவை என்ற சார்புகளைக் கணக்கிட்டுத் தீர்க்கும் நிரலகம் (தீர்வி) இது. புதிய பதிப்பை வெளியிட்டதும், மேம்படுத்தலின்போது டி.என்.எஃப். (பொதிகளை நிறுவி நீக்கும் கருவி) தமக்குத் தேவையான பொதியை நீக்கப் பார்க்கிறது என்று பயனர் ஒருவர் வழு பதிந்திருக்கிறார். பழைய பதிப்புக்குத் திரும்புவதா, நிரலில் பேட்ச் (திருத்தம்) போடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அதே கட்டளையை டிபக்சால்வர் விருப்பத்துடன் இயக்கச் சொல்லி, உருவாகும் டிபக்டேட்டா அடைவைப் பயனரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் கணினியில் என்ன நிறுவப்பட்டிருந்தது, களஞ்சியங்களில் என்ன இருந்தது, எந்த வேலை கேட்கப்பட்டது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். வெறும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக்கொண்டு விவாதிப்பது நேர விரயம். அந்த அடைவிலுள்ள சோதனைக் கோப்பை லிப்சால்வுடன் வரும் டெஸ்ட்சால்வ் கருவியில் பழைய பதிப்பைக் கொண்டு ஒருமுறை, புதியதைக் கொண்டு ஒருமுறை ஓட்டுங்கள்.

விடை ஒன்றாகவே வந்தால் தீர்வியின் மேல் பழியில்லை. பெரும்பாலான புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். வேறொரு பொதியின் ஸ்பெக் கோப்பை, அதாவது பொதியைக் கட்டும் விதிகள் அடங்கிய கோப்பை, திறந்து பாருங்கள். எந்தப் பழைய பொதிக்கு இது மாற்று என்று சொல்லும் 'அப்சலீட்ஸ்' வரியில் யாரோ பதிப்பு எண்ணை எழுதாமல் விட்டிருப்பார். '2.0-க்குக் கீழ்' என்று வரம்பு கட்டாவிட்டால், அந்தப் பெயரில் நாளை வரும் 3.0-உம் காலாவதியானதாகவே கொள்ளப்படும். தீர்வி சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான். திருத்த வேண்டியது அந்த வரியை.

விடை மாறினால், நிரலைத் தொடும் முன் உங்கள் ஸ்பெக்கையே சந்தேகியுங்கள். ஆர்.பி.எம். 4.13 முதல் 'இது இருந்தால் அதுவும் வேண்டும்' போன்ற நிபந்தனைச் சார்புகளை எழுதலாம். லிப்சால்வைக் கட்டமைக்கும்போது 'எனேபிள் காம்ப்ளக்ஸ் டெப்ஸ்' விருப்பம் விடுபட்டால் அவற்றை அது புரிந்துகொள்ளாது. ஸ்பெக்கைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் முதலில் காணாமல் போவது இத்தகைய வரிதான்.

அதுவும் சரியாக இருந்தால் கிட் பைசெக்ட் (நிரல் வரலாற்றைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) மூலம் வழுவைக் கொண்டுவந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து, சோதனைக் கோப்புடன் லிப்சால்வின் மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள். உள்ளூர் பேட்ச் எனக்கு உடன்பாடில்லை. சார்புகளைத் தீர்ப்பது என்.பி.-முழுமைச் சிக்கல் (எல்லா நிலையிலும் விரைவாகத் தீர்க்கும் வழி தெரியாத வகை), ஒரே கேள்விக்குச் சரியான விடைகள் பல இருக்கலாம். ஒருவருக்காக முன்னுரிமையை நகர்த்தினால் மற்றவர்களின் விடைகளும் நகரும்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் அபிடிஃப் கருவியால் (நிரலகத்தின் இருமநிலை இடைமுக மாற்றங்களைக் காட்டுவது) பழைய, புதிய நிரலகங்களை ஒப்பிடுங்கள். சோ-பெயர் (நிரலகத்தின் பொருத்தத்தைக் குறிக்கும் பதிப்புப் பெயர்) மாறவில்லை என்பது மட்டும் போதாது, உங்கள் டி.என்.எஃப். இந்த நிரலகத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று: தீர்வி உடைந்தால், அதைச் சரிசெய்யும் புதுப்பிப்பை அதே தீர்வி வழியாகப் பயனரிடம் சேர்க்க முடியாது. எனவே முந்தைய பதிப்பின் பொதியைக் களஞ்சியத்திலிருந்து அழிக்காதீர்கள். ஆர்.பி.எம். கட்டளைக்குத் தீர்வி தேவையில்லை. பதிவிறக்கிய கோப்பை 'ஓல்ட்பேக்கேஜ்' விருப்பத்துடன் அதன் மூலமே நிறுவிப் பின்னுக்குப் போகலாம். அந்தக் கட்டளையை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.