பார்ப்பதும் நம்புவதும் ஒரே கேள்வியில் அடங்காது

வணக்கம். கிரேக்கர்கள் செய்திக்காகத் தொலைக்காட்சியை நம்புகிறார்களா, சமூக ஊடகத்தை நம்புகிறார்களா என்று வினாப்பட்டியலில் ஒரே கேள்வியாக வைத்ததை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரியே. அங்கே பார்க்கிறவர்கள் எல்லோரும் நம்புகிறவர்கள் அல்லர். ராய்ட்டர்ஸ் ஆய்வு மையத்தின் 2023 அறிக்கையில், செய்திகளைப் பெரும்பாலும் நம்புவதாகச் சொன்ன கிரேக்கர்கள் 19 விழுக்காட்டினரே. 46 நாடுகளில் அதுவே கடைசி இடம்.

இந்த அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 1989இல் தொடங்கிய தனியார் அலைவரிசைகள் பலவற்றின் பின்னால் கப்பல், கட்டுமானத் தொழிலதிபர்கள் இருந்தார்கள்; 2013 ஜூன் 11 அன்று அரசு தன் சொந்த ஒளிபரப்பு நிறுவனமான ஈஆர்டியையே சில மணி நேர அறிவிப்பில் மூடியது. திரை இருண்ட பிறகும் அதன் ஊழியர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறாமல் இணையம் வழியே ஒளிபரப்பைத் தொடர்ந்தார்கள்.

ஆகவே, செய்தியை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்பதையும், ஐயம் எழுந்தால் எங்கே சரிபார்ப்பீர்கள் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். வயதையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். முகநூலில் கண்டதாகச் சொல்வோரிடம் அந்தக் காணொளி யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். அது தொலைக்காட்சியிலிருந்து வெட்டியெடுத்த துண்டாகவும் இருக்கலாம்.