போர்க்காலத்தில் ஒரு நாடு வல்லரசு என்ற அங்கீகாரத்தை எப்படிப் பெறுகிறது?

போரில் ஜெயித்தால் மட்டும் போதாது. ஜப்பானைப் பாருங்கள். 1895இல் சீனாவைத் தோற்கடித்து அதன் வடகிழக்கிலுள்ள லியாவோதுங் தீபகற்பத்தை எழுதி வாங்கியது. ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து திருப்பிக் கொடு என்று மிரட்ட, கொடுத்துவிட்டது. மூன்றே வருடத்தில் அங்கிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ரஷ்யாவே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! ஜெயித்தவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அடுத்தது 1904-05 ரஷ்ய-ஜப்பான் போர். இதைப் பற்றிப் பேசுபவர்கள் சுஷிமா கடற்போரைத்தான் முதலில் சொல்வார்கள். பால்டிக் கடலிலிருந்து மாதக்கணக்கில் பயணித்து வந்த ரஷ்யக் கப்பற்படையை அட்மிரல் டோகோ இரண்டே நாளில் ஒழித்துக்கட்டினார். பிரமாதமான வெற்றிதான். ஆனால் என்னைக் கேட்டால், ஜப்பான் மீது உலகத்துக்கு நம்பிக்கை வந்த கதையைக் கடன் பத்திரங்களில் படிக்க வேண்டும்.

போர் தொடங்கியதும் ஜப்பான் வங்கியின் துணை ஆளுநர் தக்கஹாஷி கொரெகியோ கடன் கேட்டு லண்டன் போனார். 1902இலேயே பிரிட்டனோடு கூட்டணி ஒப்பந்தம் இருந்தும் வங்கிக்காரர்கள் தயங்கினார்கள். 1904 மே மாதத் தொடக்கத்தில் கொரிய-சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றங்கரையில் ரஷ்யாவை ஜப்பான் ஜெயித்தது. அதே மாதம் ஒரு கோடி பவுண்டு கிடைத்தது. பாதி லண்டனில், மீதி நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் மூலம். யூதர்களை ரஷ்யா நடத்திய விதத்தில் அவருக்குக் கோபம். வட்டி 6 சதவீதம், அடமானம் சுங்க வருமானம். 1905 மார்ச்சில், மஞ்சூரியாவில் முக்டென் நகரருகே நடந்த தரைப்போர் வெற்றியை ஒட்டி, மூன்று கோடி பவுண்டு 4.5 சதவீதத்துக்கே கிடைத்தது. சுஷிமா நடந்தது அதற்குப் பிறகு, மே மாதக் கடைசியில்தான்!

ஆனால் கையில் காசு மிஞ்சவில்லை. செப்டம்பரில் போரை முடித்துவைத்துக் கையெழுத்தான போர்ட்ஸ்மத் உடன்படிக்கையில் நஷ்டஈடு கிடையாது என்று தெரிந்ததும் டோக்கியோவில் கலவரமே வெடித்தது. ஊர்க்காரர்களுக்குத் தாங்கள் ஏமாந்துவிட்டதாகத் தோன்றிய அதே வருடக் கடைசியில்தான் பிரிட்டன் அங்கிருந்த தன் தூதர் அலுவலகத்தை முழுத் தூதரகமாக உயர்த்தியது. பெரும்பாலும் பெரிய நாடுகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட அந்தஸ்து அது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன.

இந்த அங்கீகாரத்துக்கு விலை கொடுத்தது கொரியா. ஆகஸ்டில் கூட்டணியைப் புதுப்பித்தபோதே, கொரியாவில் ஜப்பான் வைத்ததுதான் சட்டம் என்பதற்கு பிரிட்டன் ஒப்புக்கொண்டிருந்தது. நவம்பரில் ஜப்பான் அதைத் தன் பாதுகாப்பு நாடாக்கியது, அதாவது அதன் வெளியுறவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சியோலில் இருந்த வெளிநாட்டுத் தூதர்கள் மூட்டை கட்டினார்கள்.