காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பத்தைத் தரநிலைக் குழுவிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பிரதிநிதியாக, எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் பொதுத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஒரு தரநிலைக் குழுவில் இருக்கிறேன். அங்கே பரிசீலிக்கப்படும் தொழில்நுட்பத்துக்கு எங்கள் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று நிலுவையில் உள்ளது, இன்னும் வெளியாகவில்லை. சொல்லாமல் இருந்தால் போட்டிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமா?

பதில்: மாட்டிக்கொள்ளலாம். குழுவின் காப்புரிமை விதியை முதலில் வரி வரியாகப் படியுங்கள். நிலுவை விண்ணப்பமும் அதில் அடங்குமா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதுமா, நிறுவனம் முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டுமா? பதில் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

அமெரிக்க வழக்குகளைப் பாருங்கள். கணினித் திரை தொடர்பான தரநிலைகளை வகுக்கும் வீசா (VESA) குழுவின் விஎல்-பஸ் என்ற கணினி உள் இணைப்புத் தரநிலைக்கு 1992-இல் வாக்களித்தபோது, தங்கள் காப்புரிமை எதுவும் இதில் மீறப்படவில்லை என்று டெல் பிரதிநிதி எழுதிக் கொடுத்தார். தரநிலை பரவிய பின் டெல் காப்புரிமையைக் காட்டி உரிமை கோரியது. போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டது. விஎல்-பஸ் விஷயத்தில் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று 1996-இல் டெல் ஒப்புக்கொண்டது.

நினைவகச் சிப் தொழில்நுட்ப நிறுவனமான ராம்பஸின் வழக்கு வேறு மாதிரி முடிந்தது. சிப் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் குழுவில் இருந்தபடியே, நினைவகச் சிப் தரநிலைக்குப் பொருந்தும் விண்ணப்பங்களை அது மறைத்தது என்பது புகார். ஆணையம் 2006-இல் இது சட்டவிரோத ஏகபோகம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அதை ரத்து செய்தது. உண்மை தெரிந்திருந்தால் ஜெடெக் வேறு தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று ஆணையம் நிறுவவில்லை. ராயல்டி கூடியது மட்டும் போட்டிக்குக் கேடாகிவிடாது என்பதே காரணம். இந்தத் தீர்ப்பை நம்பி மட்டும் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அதே 2008-இல், எச்.264 வீடியோ தரநிலைக் குழுவிடம் மறைத்த சிப் நிறுவனமான குவால்காமின் காப்புரிமைகளை, அத்தரநிலைப்படி செய்த பொருள்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அது போட்டிச் சட்டத் தீர்ப்பே அல்ல. ஆனாலும் காப்புரிமை கையில் இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

ஆகவே சொல்லிவிடுவதே நல்லது. வெளியாகாத விண்ணப்பத்தின் கோரிக்கைப் பகுதியை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதி) அப்படியே காட்டும்படி எல்லாக் குழுவும் கேட்பதில்லை. 'இந்தப் பிரிவுக்கு விண்ணப்பம் உண்டு, நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனையில் உரிமம் தருவோம்' என்ற கடிதம் பல இடங்களில் போதும். கடிதம் வாக்கெடுப்புக்கு முன்பே போக வேண்டும். தேதியோடு கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். குழுவின் வரைவைப் பார்த்துப் பார்த்து வழக்கறிஞரிடம் கோரிக்கைகளைத் திருத்தச் சொல்லும் மின்னஞ்சல்தான் பின்னாளில் எதிர்த்தரப்பின் முதல் சாட்சி. குழுவிலிருந்து விலகினாலும், இருந்த காலத்துக் கடமை போய்விடாது.