தமிழ்ச் சங்கத்துக்கு ஆஃப்டர்ஸ்கூல் கிராண்ட் கிடைக்குமா?

கேள்வி: "அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் வாரயிறுதியில் 60 பிள்ளைகளுக்குத் தமிழும் பாட்டும் கணக்கும் சொல்லித்தருகிறது. பள்ளி விட்ட பிறகும் கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்த அரசு மானியம் இருக்கிறதாமே? நாங்கள் விண்ணப்பிக்கலாமா?"

விண்ணப்பிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இப்போது நடத்துவதை அப்படியே எழுதி அனுப்பினால் கிடைக்காது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதில்.

மிட்வெஸ்ட் பக்கம் ஒரு சிறு நகரத்து ஆரம்பப் பள்ளியில், இந்தப் பணத்தில் நடந்த ஆஃப்டர்ஸ்கூலுக்கு நான்கு வருஷம் சைட் கோஆர்டினேட்டராக, அதாவது அந்த மையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக, இருந்தேன். அதற்கப்புறம் இரண்டு முறை, வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்து மார்க் போடும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். பணம் வாங்கும் பக்கம், மார்க் போடும் பக்கம் இரண்டையும் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் '21ஆம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையங்கள்' என்ற மத்திய அரசுத் திட்டமாக இருக்கும். எங்கள் வட்டாரத்தில் 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி' என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். டெக்சாஸில் இதையே டெக்சாஸ் ஏஸ் என்பார்கள். 1994இல் சட்டமானது, 1995இல் முதல் ஒதுக்கீடு வெறும் ஏழரை லட்சம் டாலர். 2002இல் 100 கோடி டாலர் ஆகிவிட்டது. இப்போது வருஷத்துக்குச் சுமார் 133 கோடி டாலர். பள்ளிக்கு வெளியே உள்ள நேரத்துக்கு மட்டும் என்று மத்திய அரசு தனியாக ஒதுக்கும் நிதி இது ஒன்றுதான்.

வாஷிங்டன் நேராக உங்களுக்குச் செக் அனுப்பாது. பணம் முதலில் மாநிலங்களுக்குப் போகும். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு வாங்குகிறதோ அதே விகிதத்தில் இதுவும் பிரியும். மாநிலக் கல்வித்துறை அதிகபட்சம் 7 சதவீதத்தைத் தன் செலவுக்கும் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் வைத்துக்கொண்டு மீதியைப் போட்டி வைத்துக் கொடுக்கும். ஜெயித்தால் 3 முதல் 5 வருஷம் வரை கிடைக்கும். 50,000 டாலருக்குக் குறைந்த தொகையாகக் கொடுக்கக் கூடாது என்பது விதி. பள்ளி மாவட்டம், தொண்டு நிறுவனம், தேவாலயம், பழங்குடி அமைப்பு, கல்லூரி என்று யாரும் போட்டியில் நிற்கலாம். கோயில் கமிட்டிகூட நிற்கலாம், அந்தப் பணத்தில் தேவாரம் சொல்லித்தரக் கூடாது, அவ்வளவுதான். நடனம், இசை, விஞ்ஞானம், விளையாட்டு, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம், பெற்றோருக்கான வகுப்பு எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பண்பாட்டு நிகழ்ச்சிகள் என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள்.

இனி சங்கடமான கேள்விக்கு வருகிறேன். உங்கள் 60 பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான இலவச மதிய உணவுப் பட்டியலில் இருக்கிறார்கள்? எங்கள் சங்கத்தில் இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "நம்ம பசங்களுக்கு எதுக்குங்க அது?" என்றார். அவர் கேட்டதிலேயே பதில் இருக்கிறது. வறுமைக் குடும்பப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகள், தேர்ச்சி மோசம் என்று மாநிலமே குறித்துவைத்திருக்கும் பள்ளிகள், இவற்றின் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. மென்பொருள் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை தமிழ் படிக்க அமெரிக்க வரிப்பணம் வராது. வரவும் கூடாது என்பது என் கட்சி.

மார்க் போடும் மேசைக்கு வருகிறேன். விண்ணப்பங்களில் பாதி ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். 'பின்தங்கிய மாணவர்கள்' என்று பக்கத்துக்கு மூன்று தடவை, ரோபோ படம் ஒன்று, கடைசியில் ஒரு பட்ஜெட். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒன்றைத்தான்: சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும்? இது என் சொந்தக் குசும்பு இல்லை. பிள்ளைகள் மையத்துக்கும் வீட்டுக்கும் பத்திரமாகப் போய்வருவது எப்படி என்று விண்ணப்பத்தில் விவரிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 'பெற்றோர் வந்து அழைத்துச் செல்வார்கள்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் எழுதியவர்களுக்கு அந்தப் பெற்றோரைத் தெரியாது என்று அர்த்தம். எங்கள் பள்ளியில் பல அம்மாக்கள் இரண்டாம் ஷிப்ட். காரும் கிடையாது.

நான் சேர்ந்த முதல் வருஷம் எங்களுக்குத் தனி பஸ் இல்லை. செப்டம்பரில் 90 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். நவம்பரில் நேரம் மாறி ஐந்தரைக்கே இருட்ட ஆரம்பித்ததும் 40 ஆனது. பாடம் அதே பாடம், டீச்சரும் அதே டீச்சர். அடுத்த வருஷம் நாட்டியப் பயிற்சியாளர், லெகோ செட், இரண்டு டேப்லெட் எல்லாவற்றையும் வெட்டி ஒரு பஸ் போட்டோம். ஜனவரிப் பனியிலும் 80க்குக் குறையவில்லை. 'வளப்படுத்தும் கல்வி' என்று ஆயிரம் எழுதலாம், எங்கள் பட்ஜெட்டில் பிள்ளைகளை உட்கார வைத்தது டீசல் செலவுதான்.

சாப்பாடு இன்னொரு கதை. மணி அடித்ததும் பிள்ளைகள் நேராகக் கேன்டீனுக்குத்தான் ஓடி வருவார்கள், பசி அப்படி. அதற்கான காசு கல்வித்துறையிலிருந்து வராது, விவசாயத்துறை உணவுத் திட்டத்திலிருந்து தனியாக வரும். நொறுக்குத்தீனி என்றால் ஐந்து உணவு வகையில் இரண்டு இருக்க வேண்டும். ஆப்பிளும் சீஸும் சரி, பாலும் ஜூஸும் என்றால் செல்லாது, இரண்டும் குடிக்கிற சமாசாரம். தட்டை ஒவ்வொரு பிள்ளையும் கையில் வாங்கும்போதே தாளில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு தலையை எண்ணி மொத்தமாக எழுதக் கூடாது. நான்கு வருஷம் கோடு போட்ட பழக்கம், இன்றைக்கும் வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

சிறிய அமைப்புகளைக் கவிழ்ப்பது வேறொன்று. இந்தப் பணம் பல மாநிலங்களில் முன்பணமாக வராது. நீங்கள் செலவழித்துவிட்டு, ரசீதும் நேரப்பதிவும் அனுப்பி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு அமைப்பு (பெயர் வேண்டாம்) முதல் வருஷமே கிராண்ட் ஜெயித்துக் கேக் வெட்டியது. அக்டோபர் பில்லில் இரண்டு டீச்சர்களின் நேரப்பதிவில் கையெழுத்து விட்டுப்போயிற்று. மொத்தப் பில்லும் திரும்பி வந்தது. சரிசெய்து பணம் வந்தபோது ஜனவரி முடிந்துவிட்டது. அந்த மூன்று மாதச் சம்பளத்தை இயக்குநர் தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தார். குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான காசு உங்கள் சங்கத்தின் கணக்கில் இருக்கிறதா? பொங்கல் விழா மிச்சம் பத்தாது.

மாநிலத்திலிருந்து வரும் தாமதம் போதாதென்று மேலிருந்தும் வரும். 2025 ஜூலை 1 அன்று மாநிலங்களுக்குப் போக வேண்டிய பள்ளிக் கல்விப் பணத்தை, எல்லாத் தலைப்பும் சேர்த்து 600 கோடி டாலருக்கு மேல், வாஷிங்டன் திடீரென்று நிறுத்திவைத்தது. அதில் ஆஃப்டர்ஸ்கூல் பணமும் சிக்கியது. கோடைக்கால வகுப்பு பாதியில் ஓடிக்கொண்டிருந்த மாதம். ஆளுங்கட்சி செனட்டர்களே எதிர்த்துக் கடிதம் எழுதியபிறகு ஜூலை 18 வாக்கில் எங்கள் பணத்தை மட்டும் முதலில் விடுவித்தார்கள். அந்த இரண்டரை வாரம் என் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவைப் படிக்கவே முடியவில்லை.

'இவ்வளவு பணம் கொட்டி என்ன பயன்?' என்று கேட்பவர்களும் உண்டு. 2003இல் அரசு செய்வித்த ஓர் ஆய்வு, படிப்பில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை என்றது. உடனே புஷ் அரசு 100 கோடியை 60 கோடியாக வெட்டப் பார்த்தது. வெட்டாதே என்று செனட் குழு முன்னால் வந்து சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? நம்ம அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர். அதற்கு முந்தின வருஷம்தான் கலிஃபோர்னியாவில் ஆஃப்டர்ஸ்கூலுக்கு நிரந்தர நிதி கேட்டு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஜெயித்திருந்தார், கவர்னர் ஆவதற்கும் முன்னால். காங்கிரஸ் பணத்தை வெட்டவில்லை. 2017இலும் மொத்தமாக ஒழிக்கலாம் என்று டிரம்ப் அரசு பட்ஜெட்டில் எழுதியது, அப்போதும் நடக்கவில்லை.

என் கருத்து நடுவில் எங்கோ இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் தலைகாட்டும் பிள்ளைக்கு வாசிப்பு மார்க் ஏறாது, அதை எதிர்பார்ப்பதே தப்பு. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் பாஸ்டன், டல்லாஸ் உட்பட ஐந்து பள்ளி மாவட்டங்களில் கோடை வகுப்புகளை வருஷக்கணக்கில் கவனித்துச் சொன்னதும் இதைத்தான்: 20 நாளுக்கு மேல் வந்த பிள்ளைகளிடம்தான் பலன் தெரிகிறது. குறைந்தது ஐந்து வாரம், நாளுக்கு மூன்று மணி நேரப் பாடம் என்பது அவர்கள் பரிந்துரை. இரண்டு வாரக் கேம்ப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

நம் ஊர் ஒப்பீடு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புத் திட்டத்தில் என் சித்தி மகள் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாதம் 1,000 ரூபாய், திண்ணைதான் வகுப்பறை, 20 பிள்ளைகள். எங்கள் பட்ஜெட்டை அவளிடம் சொன்னபோது முதலில் கேட்டது, "பஸ்ஸுக்கா அக்கா இவ்ளோ காசு? எங்க பிள்ளைங்க பக்கத்துத் தெருவுலேருந்து நடந்து வந்துடும்." அங்கே வகுப்பையே பிள்ளை இருக்கும் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே பிள்ளையை வகுப்புக்குக் கொண்டுவரக் காசு. ஆனால் மாதம் 1,000 ரூபாய்க்கு அவள் எத்தனை வருஷம் செய்வாள் என்று அவளும் கேட்டாள், நானும் பதில் சொல்லவில்லை.

சரி, உங்கள் சங்கம் என்ன செய்யலாம்? தனியாக விண்ணப்பம் போடாதீர்கள். உங்கள் ஊரில் இந்த கிராண்ட் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் பள்ளி எது என்று மாநிலக் கல்வித்துறை இணையதளத்தில் பட்டியல் இருக்கும். அதில் பக்கத்துப் பள்ளியைப் பிடியுங்கள். அங்கே கோஆர்டினேட்டர் என்று ஒரு ஜீவன் இருக்கும், எப்போதும் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கும். நான் அப்படித்தான் அலைந்தேன். பள்ளியும் சமூக அமைப்பும் சேர்ந்து போடும் விண்ணப்பத்துக்கு முன்னுரிமை உண்டு, ஆகவே அடுத்த சுற்றில் உங்கள் பெயர் அவர்களுக்கும் லாபம். கலிஃபோர்னியாவில் இருந்தால் மாநிலத்தின் சொந்தத் திட்டம் வருஷம் 400 கோடி டாலர் அளவில் இருக்கிறது. அதிலும் பணம் பள்ளி மாவட்டத்திடம்தான், அவர்கள்தான் வெளி அமைப்புகளை ஒப்பந்தத்துக்கு எடுப்பார்கள்.

உங்கள் சொந்தத் தமிழ் வகுப்புக்கும் பாட்டுக்கும் என்றால் மாநிலக் கலை மன்றத்தைப் பாருங்கள். தேசியக் கலை அறக்கட்டளை தன் மானியப் பணத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குத்தான் கொடுக்கிறது. தொகை சிறியது, நிரப்ப வேண்டிய தாளும் குறைவு.

கோஆர்டினேட்டரைப் பார்க்கப் போகும்போது பவர்பாயின்ட் எடுத்துப்போகாதீர்கள். 'செவ்வாய்க்கிழமை மூன்றரையிலிருந்து நாலரை வரை சதுரங்கம் சொல்லித்தருகிறோம், இரண்டு பேர் வருவோம், பின்னணிச் சோதனைக்கு விரல்ரேகை கொடுக்கத் தயார், பலகை எங்களுடையது' என்று மட்டும் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பதிவேடு வையுங்கள், பென்சிலில் இல்லை, பேனாவில். எந்த மாநிலம் என்று கமென்ட்டில் சொன்னால், அங்கே அடுத்த சுற்று எப்போது திறக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.