வீல் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, ஸ்கிட்டை அழுத்தி நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் கிளப்பில் பழைய இரட்டை இருக்கைப் பயிற்சிக் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஒன்று இருக்கிறது. ஏர்பிரேக் (இறக்கையில் எழும்பி வேகத்தையும் தூக்குவிசையையும் குறைக்கும் பலகைகள்) லீவரைக் கடைசிவரை இழுத்தால்தான் வீல் பிரேக் பிடிக்கும், அதுவும் சுமாராகத்தான். தரையைத் தொட்டதும் ஸ்டிக்கை முன்னால் தள்ளி, மூக்குக்கு அடியில் இருக்கும் ஸ்கிட்டை (சறுக்குக் கட்டையை) தரையில் அழுத்தினால் சீக்கிரம் நிற்கிறது. இப்படியே பழகலாமா?

பதில்: அவசரத்துக்குச் செய்யலாம். எதிரே வேலி வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், அழுத்துங்கள். ஸ்கிட் அதையும் தாங்கத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக் பிடிக்காததற்கு மாற்றாக அதை வழக்கமாக்க வேண்டாம்.

காரணம் தேய்மானம் மட்டும் இல்லை. ஸ்கிட் இருப்பது கிளைடரின் எடைமையத்துக்கு முன்னால். அங்கே உராய்வு கூடும்போது மூக்கு லேசாகத் திரும்பினாலும் அந்த உராய்வு திருப்பத்தை இன்னும் பெரிதாக்கும். வேகம் குறையக் குறைய ரட்டரின் (வாலில் இருக்கும் திருப்புப் பலகையின்) பிடியும் போய்விடும். பக்கக்காற்றில் கிளைடர் சட்டென்று சுழன்று, இறக்கை நுனி தரையில் மாட்டுவது இப்படித்தான். புல்தரையில் ஓரளவு சமாளிக்கலாம். தார்ப்பாதையில் ஸ்கிட்டின் இரும்புத் தகடு பொறி பறக்கத் தேயும், பிடிப்போ குறைவு. ஈர மண்ணில் நுனி புதைந்துகொள்ளும்.

இனி பிரேக்குக்கு வருவோம். ஷ்வைட்சர் 2-33 போன்ற பழைய பயிற்சிக் கிளைடர்களில் லீவரின் கடைசி இழுப்பில்தான் வீல் பிரேக் இணைந்திருக்கும். இதில் இரண்டு தொல்லை. கேபிள் தளர்ந்திருந்தால், பிரேக் இறுகும் முன்பே லீவர் தன் தடையில் முட்டி நின்றுவிடும். உங்கள் கிளைடரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இன்னொன்று நேர் எதிர்: லீவரை முழுக்க இழுத்த நிலையிலேயே தரையைத் தொட்டால் சக்கரம் ஏற்கெனவே பூட்டியிருக்கும். மூக்கு குத்தும், டயர் ஓரிடத்தில் மட்டும் தேயும். தொடும் நேரத்தில் லீவரைக் கொஞ்சம் முன்னால் விட்டு, உருள ஆரம்பித்த பிறகு மெல்ல இழுப்பதுதான் நல்ல பழக்கம்.

சோதிப்பது எளிது. காக்பிட்டில் ஒருவர் லீவரை முழுக்க இழுத்துப் பிடிக்கட்டும், மற்றவர்கள் தள்ளிப் பாருங்கள். சக்கரம் தாராளமாக உருண்டால் பறப்பதற்கு முன் தொழில்நுட்பரிடம் காட்ட வேண்டும். லீவரை விட்டபின் உரசல் இருந்தாலும் அப்படியே. கேபிள் சரியாக இருந்தால் அடுத்து லைனிங் (பிரேக்கில் உராயும் பட்டை): கிரீஸ் பட்டிருக்கலாம், பளபளவென்று இறுகிப் போயிருக்கலாம். டயரில் நேரடியாகக் கட்டை அழுத்தும் பழைய வகையாக இருந்தால், காற்று குறைந்த டயரே பிரேக்கைக் கெடுத்துவிடும். ஈரப் புல்லில் எந்த பிரேக்கும் ஏமாற்றும், அதைப் பழுது என்று எண்ணாதீர்கள்.

ஸ்கிட்டையும் தினசரிப் பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தகடு தேய்ந்து போல்ட் தலைகள் தரையில் உரசும் நிலைக்கு வந்தால் தகட்டை மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. மரத்தில் விரிசல், ஒட்டுப் பிரிவு இருக்கிறதா, ரப்பர் கட்டைகள் கெட்டித்து வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். (சில பழைய கிளைடர்களில் ரப்பருக்குப் பதில் டென்னிஸ் பந்துகளே ஸ்பிரிங்காக இருந்தன!) பலமாகத் தரையிறங்கியிருந்தால் ஸ்கிட் இணையும் இடத்தின் குழாய்களைத் தொழில்நுட்பர் பார்க்காமல் மறுபடி பறக்கக் கூடாது. ஸ்கிட்டுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மூடி கிழிந்திருந்தால் இழுவைக் கயிற்றின் வளையம் உள்ளே சிக்க வாய்ப்புண்டு. ஆகவே அதையும் தைத்துவிடுங்கள்.

தரையில் நகர்த்தும்போது ஸ்கிட்டை இழுத்துக்கொண்டு போவது பல கிளப்புகளில் பழக்கம். அப்படிச் செய்யாமல், வாலை அழுத்தி மூக்கைத் தூக்கிவிட்டு, சக்கரத்தின் மேல் திருப்புங்கள். தகட்டின் ஆயுள் கூடும்.

ஏ.எஸ்.கே. 21 என்ற பயிற்சிக் கிளைடர் வந்தபோது, அதைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனமான ஷ்லைஹர் ஸ்கிட்டுக்குப் பதில் மூக்குச் சக்கரமே வைத்துவிட்டது. உங்களிடம் இருப்பது பழையது, ஆகவே ஓட்டம் முடிய இடம் மிச்சமிருக்கும்படி சரியான புள்ளியில் தொட்டு, பிரேக் இல்லாமலே நிற்கும்படி அணுகுங்கள்.