டாக்டர் பதில்: ஷீட் தூசி நுரையீரலோடு நின்றுவிடுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் மண்டபம், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் 25 வருஷமாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை போடுகிறார். இரண்டு மாதமாகக் குரல் கம்மிக் கிடக்கிறது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைத்தான் கெடுக்குமாம். தொண்டைக்கும் வருமா? பீடி குடிப்பார். அவர் துணியைத் துவைக்கும் எனக்கு?
- வாசகி, பாம்பன்

பதில்: முதலில் அந்தக் குரல். நெஞ்சு எக்ஸ்-ரே குரல்வளையைக் காட்டாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சாதாரணப் புண்ணாகவும் இருக்கலாம். அதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஷீட் வேலை செய்கிறவர் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊரில் எந்த டாக்டரும் தொழிலைக் கேட்பதில்லை, அதுதான் என் பெரிய ஆதங்கம்.

தொண்டைக்கும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2009இல் எல்லா ஆய்வுகளையும் அலசி, ஆஸ்பெஸ்டாஸ் குரல்வளையிலும் பெண்களின் சினைப்பையிலும் புற்று உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தியது. இரைப்பை, பெருங்குடல் விஷயத்தில் சந்தேகம் இருக்கிறது, ஆதாரம் போதவில்லை. மூச்சோடு போகும் ஆஸ்பெஸ்டாஸ் இழை குரல்வளையைத் தாண்டித்தானே நுரையீரலுக்குப் போகிறது! பீடியும் அதே இடத்தைத்தான் தாக்கும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

சினைப்பைக்கான ஆதாரத்தில் முக்கியமானது, இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தில் விஷவாயு முகமூடி செய்த பெண்களைப் பற்றிய ஆய்வு. அவர்கள் கையாண்டது நீல ஆஸ்பெஸ்டாஸ். நம் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளை. அதுவும் புற்று உண்டாக்குவதுதான். துணி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் வரும் மீசோதீலியோமா என்ற புற்று, தொழிலாளியின் துணியைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் வந்ததை 1965லேயே லண்டன் ஆய்வு காட்டியது. வருவது அபூர்வம், வர 20, 30 வருஷம்கூட ஆகும். வாரக்கணக்கில் வயிறு உப்புசமாக இருந்தால் மட்டும் ஸ்கேன் எடுங்கள்.

மேலே சும்மா கிடக்கும் நல்ல ஷீட்டுக்குப் பயப்பட வேண்டாம். கிரைண்டரில் அறுக்கும்போதுதான் ஆபத்து. கச்சான் காற்றில் அந்த வெள்ளைத் தூள் புருவத்தில் ஒட்டி, பக்கத்துக் குடிசைச் சோற்றுப்பானை வரை போவதைப் பார்த்திருக்கிறேன். ஷீட்டை நனைத்து, கை ரம்பத்தால் அறுக்கட்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, என்95 மாஸ்க்கும் போதாது. நுண்ணிய இழையைத் தடுக்கும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும். துணியை உதறாமல் வாசலிலேயே வாளித் தண்ணீரில் முக்குங்கள், பிள்ளைகள் துணியோடு சேர்க்காதீர்கள். புயலில் உடைந்த துண்டுகளையும் நனைத்துவிட்டே எடுங்கள்.