போஸ்டருக்கு முன்னால் நின்று என்ன பேசுவது?

கேள்வி: நூலகம், தகவல் அறிவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்லூரி நூலகங்களின் கணினிப் பட்டியலில் மாணவர்கள் தமிழ்ப் புத்தகங்களை எப்படித் தேடுகிறார்கள் என்பது தலைப்பு. புத்தகம் அலமாரியில் இருந்தும் பல தேடல்களில் ‘இல்லை’ என்றே வருகிறது. அடுத்த மாதம் ஒரு பல்கலைக்கழக மாநாட்டில், ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டும் போஸ்டர் வைக்கிறேன். நோக்கங்கள், கருதுகோள்கள், பதினோரு அட்டவணைகள், மேற்கோள் பட்டியல் எல்லாம் அதில் வர வேண்டும் என்கிறார் என் கைடு. எழுத்து எறும்பு சைஸுக்கு வந்துவிட்டது. யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கட்டுரை வாசிப்பு என்றால் பார்த்துப் படித்துவிடலாமே!
- ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பட்டியல் ‘இல்லை’ என்கிறது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய இந்த வரிதான் போஸ்டர். நூறு தேடலில் எத்தனை இப்படி வெறுங்கையோடு முடிந்தன என்ற எண்ணையும் சேர்த்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் தெரிகிற எழுத்தில் நடுவில் போடுங்கள். ‘...பயன்பாடு: ஓர் ஆய்வு’ என்று முடியும் நீளத் தலைப்பு மேலே சின்னதாக இருந்தால் போதும்.

அதற்குக் கீழே படம். ‘திருக்குறள்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டச் சொன்னால் ஒருவர் ‘டி’க்குப் பிறகு ‘எச்’ சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். ஒருவர் ஒரு ‘கே’ போடுவார், மற்றவர் இரண்டு. பட்டியலிட்டவரோ எழுத்துக்குக் கீழே கோடும் புள்ளியும் வைக்கிற முறையில் பதிந்திருக்கலாம். தமிழிலேயே தட்டினாலும், பதிவில் தமிழ் எழுத்து இல்லையென்றால் பலன் இல்லை. இந்தத் தேடல் பெட்டிகளைத் திரையில் இருந்தபடியே படம் பிடித்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் வந்த விடை. இதைப் பார்த்தவருக்கு உங்கள் கருதுகோளைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கைடிடம் சண்டை வேண்டாம். போஸ்டர் அடிக்கும் ஏ0 தாளின் நீளமும் அகலமும் ஏ4-ஐப் போல நான்கு மடங்கு. இப்போதுள்ள போஸ்டரை அப்படியே ஏ4-இல் அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. (போஸ்டரில் 24 பாயின்ட் அளவில் இருக்கிற எழுத்து அந்தத் தாளில் 6 பாயின்ட். அதற்கும் கீழே எதுவும் போக வேண்டாம்.) பிறகு, அவர் கேட்டது அத்தனையும் இரண்டு பக்கக் கைத்தாளில் இருக்கும், முழுக் கட்டுரை கியூஆர் கோடில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். அப்போதும் மசியவில்லை என்றால் 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் தந்த ஐந்து விதிகளில் நான்காவதைச் சாட்சிக்கு அழையுங்கள்: வாசகரின் நேரத்தைச் சேமி. நம் துறையில் யாரும் அதை வெளிப்படையாக மறுக்க மாட்டார்கள்.

2019-இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர், நடுவில் ஒரே ஒரு முடிவைப் பெரிதாகப் போட்டு மற்றதை ஓரத்துக்குத் தள்ளும் வடிவத்தைப் பரப்பினார். அதை அப்படியே எடுக்கச் சொல்ல மாட்டேன். நம் ஊர் நடுவர் மதிப்பெண் தாளோடு வருவார். ஆய்வு முறை எங்கே என்று தேடுவார். எத்தனை கல்லூரிகள், எத்தனை மாணவர்கள், தேடலை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்பது நான்கு வரியில் கட்டாயம் இருக்கட்டும். ஆண், பெண், வயது அட்டவணைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம்.

கட்டுரை வாசிப்பு சுலபம் என்கிறீர்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும் இணை அமர்வில் உங்கள் முன்னால் இருப்பவர்களில் பாதிப் பேர் அடுத்து வாசிக்கக் காத்திருப்பவர்கள். மூன்றாவது பக்கத்திலேயே ‘முடிங்கம்மா’ என்று சீட்டு வரும். போஸ்டருக்கு முன்னால் நிற்பவர் தானாக வந்தவர். அவர் படிக்கட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். நிமிர்ந்து பார்த்ததும், “ஒரு நிமிஷத்துல சொல்லவா சார்?” என்று கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தை இப்போதே தயார் செய்யுங்கள். விடுதியில் வேறு துறைத் தோழி ஒருத்தியிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவளுக்குப் புரிந்தபின் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் கேட்பவரிடம், “தமிழ்ல சொல்லலாமா மேடம்?” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. வெளிமாநிலத்தவர் என்றால் படத்தில் விரலை வைத்துச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். கலைச்சொற்கள் எப்படியும் ஆங்கிலத்தில்தானே படித்திருக்கிறீர்கள்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: குறை மென்பொருளிலா, பதிவிலா? கோஹா என்ற நூலக மென்பொருள் யூனிகோடு தமிழை ஏற்கும். நூல் விவரங்களைப் பதியும் மார்க் 21 என்ற வடிவமைப்பில் மூல எழுத்து வடிவத்துக்காகவே 880 என்ற புலம் இருக்கிறது. நீங்கள் பார்த்த பதிவுகளில் அது நிரப்பப்பட்டிருந்ததா என்று இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விடை கையில் இருந்தால் மற்றக் கேள்விகளுக்கு “அதை இன்னும் பார்க்கல சார்” என்று தைரியமாகச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம்.

போஸ்டர் நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து வைப்பது வழக்கம். முன்னதாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

அச்சுக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். ஃப்ளெக்ஸ் கடையில் ஃபைலை கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் தமிழ் உடையலாம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃபாகக் கொடுத்து, அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள். ஃப்ளெக்ஸ் என்றால் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். எல்லாவற்றுக்கும் முன், பலகை நெட்டுவாக்கா, படுக்கைவாக்கா என்று மாநாட்டு அமைப்பாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.